சீசன் முடிந்த பிறகு ஓர் ஆட்டம்

அமெரிக்கக் கால்பந்து பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்தது. சொன்னவர் என் அண்ணன். அமெரிக்காவின் நடுப்பகுதியில், சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கிற ஒரு பல்கலைக்கழக ஊரில், பெற்றோல் நிலையம் ஒன்றில் அவர் இரவு வேலை செய்கிறார். நான் பாரிஸில் இருக்கிறேன்; விடியற்காலையில் புறநகரான சென் தெனியில் அலுவலகங்களைத் துப்புரவாக்குகிறேன். பிற்பகலில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ஒரு பலசரக்குக் கடையில் காசு வாங்கும் மேசையில் நிற்கிறேன். இரண்டு வேலைக்கும் நடுவே கொஞ்ச நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் அவருக்கு அங்கே விடிந்திருக்கும்; வேலை முடித்து அறைக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருப்பார். எங்கள் உறவு அந்த இடைவெளிக்குள்தான் பல வருடங்கள் ஓடியது.

நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அவர் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். ஏதேதோ நாடுகளைச் சுற்றி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அகதி வழக்கு முடியவில்லை. நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது. நான் திருமணம் செய்து பாரிஸுக்கு வந்தேன். எனக்கும் அகதி அட்டைதான். அமெரிக்க விசாவுக்கு எழுதிப் பார்த்தேன், மறுத்துவிட்டார்கள். ஆகவே ஒருவர் குரல் ஒருவருக்கு இருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து ஒன்பதில் அம்மாவும் அப்பாவும் வன்னியில் இருந்தார்கள். மே மாதம் எல்லாம் முடிந்த பிறகு, முகாமுக்கு வந்து சேர்ந்த உறவுக்காரர் ஒருவர் எங்களுக்குச் செய்தி சொன்னார். இரண்டு பேரும் ஒரே நாளில் போய்விட்டார்கள். அந்தக் கோடையில் லா சப்பலில் எல்லாரும் அப்படித்தான் இருந்தோம். கடைக்கு வருகிறவர்களிடம் வீட்டில் எப்படி என்று கேட்கப் பயம். அரிசி மூட்டையைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் நிற்பேன். வாங்குகிறவரும் பேசாமல் வாங்கிக்கொண்டு போவார்.

அண்ணன் அதற்குப் பிறகும் போன் எடுத்தார். ஆனால் பேச்சு இல்லை.

"சாப்பிட்டியோ?"

"ஓம். நீங்கள்?"

"ஓம்."

பிறகு அவர் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்கும். நானும் வைக்கமாட்டேன், அவரும் வைக்கமாட்டார். எதைத் தொடங்கினாலும் அது அம்மாவில் போய் முடியும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. அதனால் எதையும் தொடங்கவில்லை. இப்படியே அந்த வருடம் கழிந்தது.

புது வருடத்தன்று எனக்கு இரண்டு வேலையும் இல்லை. வில்லியே லே பெல்லில் எங்கள் வீட்டுக்கு வெளியே பின்னேரமே இருட்டிவிட்டது. கணவர் உணவகத்துச் சமையலறையில் வருடக் கடைசி வேலை முடித்து வந்து சோபாவில் உடுப்பு மாற்றாமல் நித்திரையாகக் கிடந்தார். அண்ணன் எடுத்தார். வழமையாக எடுக்கிற நேரம் அல்ல.

"இஞ்சை ரீவியிலை தேர் ஓடுது. பாக்கிறியோ?"

"என்ன தேர்?"

"பூத்தேர். கலிபோர்னியாவிலை. பிள்ளையிட்டைச் சொல்லு, கொம்பியூட்டரிலை பிடிச்சுத் தருவாள்."

மகளுக்கு அப்போது பதினொரு வயது இருக்கும். அவள் ஏதோ தட்டி, படத்தை வரவைத்தாள். நின்று நின்றுதான் ஓடியது. நல்ல வெயில். அகலமான தெரு. இரண்டு பக்கமும் சனம் கதிரை போட்டு இருந்தது. நடுவே வீட்டளவு பெரிய வண்டிகள் ஊர்ந்து வந்தன. ஒன்று மயில் போல, ஒன்று கப்பல் போல. உடம்பு முழுக்கப் பூ.

"ஷார்," என்றாள் மகள். ஆவணியில் பாரிஸில் ரூ பஜோல் கோயிலிலிருந்து பிள்ளையார் தேர் புறப்படும்போதும் அவள் இதே பிரெஞ்சுச் சொல்லைத்தான் சொல்வாள். அவளுக்கு இரண்டும் ஒன்று.

அண்ணன் அந்தப் பக்கத்தில் தன் தொலைக்காட்சியைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டு வந்தார். வண்டியில் வெளியே தெரிகிற எந்த இடத்திலும் வெறும் பெயின்ற் தெரியக்கூடாதாம். பூ, இலை, விதை, மரப்பட்டை, இப்படி ஏதாவது ஒன்றால் மூடியிருக்க வேண்டுமாம். அந்தக் கறுப்புக் கண் எள்ளாக இருக்கும், அந்த மஞ்சள் செவ்வந்தியாக இருக்கும் என்றார். முந்தின காலத்தில் கிழக்குப் பக்கம் பனியில் விறைத்துக்கொண்டிருந்த சனத்துக்கு, எங்களிடம் தை மாதத்திலும் ரோஜா பூக்கிறது என்று காட்டத்தான் கலிபோர்னியாக்காரர் இதைத் தொடங்கினார்களாம்.

"இது முடிய மத்தியானத்துக்குப் பிறகு பந்தாட்டம். ரோஸ் பௌல் எண்டு பேர். பல்கலைக்கழகப் பெடியள் விளையாடுறது. பூ ஊர்வலத்துக்கு ஆள் சேர்க்கத்தான் ஆட்டத்தைக் கொண்டு வந்தவங்கள். இப்ப ஆட்டத்துக்குத்தான் ஊர்வலம் எண்டு ஆக்கள் நினைக்கினம்."

அரை மணித்தியாலத்துக்கு மேல் பேசியிருப்பார். மே மாதத்துக்குப் பிறகு அவர் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. பந்தாட்டத்தில் எனக்கு ஒரு அக்கறையும் இல்லை. ஆனால் அவர் நிறுத்திவிடக் கூடாதே என்று கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஆட்டம் எங்களுக்குப் படுக்கிற நேரத்தில்தான் தொடங்கும். நான் விடிய எழும்ப வேண்டியவள். அதனால் அடுத்த நாள், சென் தெனி வேலை முடித்து, கடைக்குப் போகுமுன் ஒரு கோப்பிக் கடையில் இருந்து அண்ணனிடம் ஆட்டத்தைக் கதையாகக் கேட்டேன். காலால் உதைப்பது அபூர்வம், கையால் எறிவதுதான் அதிகம், ஆனாலும் பெயர் கால்பந்து என்றார். நாலு தரம் முயற்சி செய்து பத்து யார் தூரம் முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து மற்றவனுக்குப் போய்விடும் என்றார். எனக்குப் பாதி விளங்கியது.

"கிண்ணம் பெரிசோ?" என்று கேட்டேன்.

"என்ன கிண்ணம்?"

"ரோஜாக் கிண்ணம் எண்டுதானே சொன்னனீங்கள். உலகக் கிண்ணம் மாதிரி."

அவர் மெல்லச் சிரித்தார். பௌல் என்றால் பரிசுக் கிண்ணம் இல்லை, மைதானத்தின் வடிவமாம். சுற்றிவரப் படிப்படியாக உயர்ந்து, கிண்ணத்துக்குள் இருந்து பார்ப்பது போல இருக்குமாம். அதைப் பார்த்து மற்ற ஊர்களும் தங்கள் ஆட்டத்துக்குப் பௌல் என்று பெயர் வைத்துக்கொண்டனவாம். தோடம்பழத்தின் பெயரில் ஒன்று, பருத்தியின் பெயரில் ஒன்று, சீனியின் பெயரில் ஒன்று. இப்போது கிண்ணம் போல இல்லாத மைதானத்திலும் பௌல்தான்.

"முதல் ஆட்டம் நடந்தது எப்ப தெரியுமோ? நூறு வருசத்துக்கு மேலை. கிழக்கிலையிருந்து வந்தவங்கள் அப்பிடி அடிச்சாங்கள், மற்றப் பக்கம் நேரம் முடியமுன்னமே போதும் எண்டு விட்டிட்டுது. ஊர்க்காரருக்கு வெறுத்துப்போச்சு. பிறகு கன வருசம் பந்தை விட்டிட்டு குதிரை வண்டி ஓட்டினவங்கள். ரோமாபுரியிலை மாதிரி."

"பகிடி விடாதேங்கோ."

"உண்மையடி. தீக்கோழி ஓட்டம்கூட வைச்சவங்கள். ஒருமுறை யானையும் ஒட்டகமும் ஓடினது."

"எது வெண்டது?"

"யானை."

நான் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அண்ணனும் அந்தப் பக்கத்தில் சிரித்தார். யானை ஓடுகிறதை நினைத்து நினைத்துச் சிரித்துவிட்டு, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தினோம். பிறகு அவர், "சரி, வேலைக்குப் போ, நேரம் போகுது," என்றார்.

அப்படித்தான் எங்களுக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்தது. புரட்டாதியில் ஆட்டங்கள் தொடங்கும். கார்த்திகைக் கடைசியில் முடியும். சனிக்கிழமைகளில் அவருடைய ஊர் எப்படி நிரம்பும், பெற்றோல் நிலையத்தில் பியர் எப்படித் தீரும், தோற்ற நாளில் சனம் எப்படிப் பேசாமல் காருக்கு எண்ணெய் அடித்துக்கொண்டு போகும் என்றெல்லாம் சொல்வார். முதல் சில வருடங்கள் இந்தச் சனிக்கிழமைகளை வெறுத்தவராம். நெரிசல், குடி, சத்தம். பிறகு கடையில் இருந்த தொலைக்காட்சியில் எந்த நேரமும் இதுவே ஓடியதால் பார்க்கத் தொடங்கி, பார்த்துப் பழகிவிட்டார். அந்த ஊர் அணி வருடா வருடம் தோற்கிற அணி.

ஒருநாள் ஆர்.இ.ஆர் ரயிலில் நின்றுகொண்டு வரும்போது அவரிடம் கேட்டேன், இந்தச் சின்னப் பௌல் ஆட்டங்களில் வென்றால் என்ன கிடைக்கும் என்று. பெரியது நாலைந்துதான், மற்றவை முப்பதுக்கு மேல் இருக்கின்றன என்று முதலே சொல்லியிருந்தார்.

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லையோ?"

"பட்டம் ஒண்டும் இல்லை. பன்ரண்டு ஆட்டத்திலை ஆறு வெண்டால் கூப்பிடுவினம். பாதி வெண்டால் காணும்."

"பாதி தோத்தவனுக்கு என்னத்துக்குப் பரிசு?"

"சீசன் முடிஞ்சுது. இனி ஒண்டும் இல்லை. அதுக்குப் பிறகு ஒரு ஆட்டம். குளிர் இல்லாத இடத்திலை. ஊர்ச்சனம் வரும், பாண்ட் வரும், பெடியள் போய்க் கடலிலை கால் நனைப்பாங்கள். கனபேருக்கு அதுதான் கடைசி ஆட்டம், பிறகு வேலைக்குப் போயிடுவாங்கள். முடிய, வெண்டவனும் அழுவான், தோத்தவனும் அழுவான். எனக்கு அதைப் பாக்க விருப்பம்."

காலையிலிருந்து நின்ற கால் வலித்தது. ரயிலில் என்னைச் சுற்றி நின்றவர்களும் என்னைப் போலத்தான் இருந்தார்கள்; பை ஒரு கையில், கம்பி ஒரு கையில், கண் பாதி மூடி. பாதி வென்றால் போதும் என்று யாராவது எங்களைக் கூப்பிட்டு வெயிலில் இருத்தினால் எப்படி இருக்கும் என்று அன்று நினைத்தேன். அந்த ஆட்டங்களில் எனக்கு விருப்பம் வந்தது அதற்குப் பிறகுதான். பெரிய ரோஜா ஆட்டத்தைவிட, மைதானம் பாதி காலியாகக் கிடக்கிற சின்ன ஆட்டங்களைப் பிடித்தது. மகள் பழைய ஆட்டங்களைக் கணினியில் எடுத்துத் தருவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் உடுப்பு மடித்தபடி பார்ப்பேன். யார் வென்றார்கள் என்று லா சப்பலில் ஒருவருக்கும் தெரியாததால், ஒரு கிழமை பிந்திப் பார்த்தாலும் முடிவு எனக்குப் புதிதாகவே இருக்கும்.

சில வருடங்கள் கழித்து எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. அந்தக் கடவுச்சீட்டோடு விசா இல்லாமல் அமெரிக்கா போகலாம் என்று மகள் சொன்னாள். அண்ணனிடம் சொன்னேன். அவர் உடனே வா என்று சொல்லவில்லை. "இஞ்சை வந்து என்னத்தைப் பாக்கப்போறாய், ஒரு அறையும் ஒரு பெற்றோல் ஸ்டேஷனும்," என்றார். நானும் ரிக்கெற் எடுக்கவில்லை. இவ்வளவு காலம் குரலாகவே இருந்துவிட்டு நேரில் எப்படி நிற்பது என்று இருவருக்கும் ஒரு பயம் இருந்திருக்க வேண்டும்.

அந்தக் கார்த்திகையில் அவருடைய ஊர் அணி ஐந்து ஆட்டம் வென்று, கடைசி ஆட்டத்துக்கு வந்து நின்றது. சனிக்கிழமை, கடை பூட்டுகிற நேரம். வரிசையில் இருந்த கடைசிப் பெண்ணுக்கு வெண்டிக்காயும் புட்டுமாவும் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது.

"வெண்டிட்டம்!" என்றார்.

வென்றுவிட்டார்கள் என்று சொல்லவில்லை. அந்த ஊரைப் பற்றி அவர் 'நாங்கள்' என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தரம்.

அடுத்த கிழமை திரும்ப எடுத்தார். "ப்ளோரிடாவாம். மார்கழிக் கடைசியிலை, பின்னேர ஆட்டம்." கொஞ்சம் நிறுத்தினார். "வாறியோ?"

"வாறன்," என்றேன். யோசிக்கவில்லை.

துப்புரவு வேலையில் எங்களை மேய்க்கிற மேலாளரிடம் விடுமுறை கேட்டபோது காரணம் கேட்டார். மாட்ச் பார்க்க என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். வருடக்கணக்காக நான் லீவு கேட்டதில்லை. கேட்டால் யாராவது செத்தால்தான் கேட்பேன் என்று நினைத்திருப்பார். "எந்த மாட்ச்?" என்றார். சொன்னேன். சிரித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

கணவருக்கு மார்கழியில் உணவகத்தை விட்டு அசைய முடியாது. "பந்து பாக்கவோ நீர் அமெரிக்காவுக்குப் போறீர்?" என்றார். ஆனால் போகுமுன் தானே மிளகாய் வறுத்துத் தூள் இடித்து, மூன்று பையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். "மச்சானுக்கு அங்கை நல்ல தூள் கிடைக்காது," என்றார். அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

ப்ளோரிடா விமான நிலையத்தில் அண்ணன் என்னைத் தாண்டிப் போனார். நான்தான் கண்டேன். தலை முழுக்க நரைத்து, அணியின் சிவப்புத் தொப்பி போட்டு, வாசல்களைப் பார்த்தபடி போனார். முகம் எனக்குப் பழக்கமில்லாத ஒரு கிழவருடைய முகம். நடைதான் அப்பா. வலது தோள் கொஞ்சம் இறங்கி, கையை வீசாமல் நடக்கிற அதே நடை.

"அண்ணை," என்றேன்.

திரும்பிப் பார்த்தார். என்னை மேலிருந்து கீழ் பார்த்தார். அவர் விட்டுவிட்டு வந்தது இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெட்டை. இப்போது நிற்பது கண்ணாடி போட்ட, முழங்கால் நோகிற ஒரு பெண். அவர் கையில் வைத்திருந்த இன்னொரு சிவப்புத் தொப்பியை என் தலையில் வைத்து அழுத்தினார். பிறகு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். கார் வரைக்கும் அவர் திரும்பவே இல்லை. நானும் பின்னால் போனேன்.

வேலை முடித்த கையோடு காரை எடுத்து, வழியில் காருக்குள்ளேயே கொஞ்சம் கண்ணயர்ந்து, இரண்டு நாள் ஓட்டி வந்திருந்தார். விமானத்தில் வந்திருக்கலாமே என்று கேட்டேன். அடையாள அட்டை, கேள்வி, வேண்டாம் என்றார்.

ஆட்டம் அடுத்த நாள். வெயிலான இடம் என்று இத்தனை வருடம் சொன்னாரே, அன்றைக்குப் பார்த்து மேகம் மூடி, காற்று அடித்து, இடைக்கிடை தூறியது. மைதானம் பாதிகூட நிரம்பவில்லை. எங்கள் வரிசையில் அவருடைய ஊரிலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு வயதான கணவனும் மனைவியும் இருந்தார்கள். அண்ணனைக் கண்டதும் அவர்களுக்குப் பெரிய சந்தோஷம். பெற்றோல் நிலையத்தில் தினமும் காலையில் கோப்பி வாங்குகிறவர்களாம். என்னைக் காட்டி, தங்கச்சி, பாரிஸிலிருந்து என்று அண்ணன் ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, இந்த ஆட்டத்துக்காகவா இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். அவர் தன் கம்பளியில் பாதியை எங்கள் மடியில் விரித்தார்.

ஆட்டத்தின் முதல் கால்வாசி முழுக்க அண்ணன் விளக்கம் சொன்னார். "அந்தா பார், இப்ப எறியமாட்டான், ஓடுவான். பாத்தியோ? ஓடுறான்." நேரில் பார்க்கும்போது மோதுகிற சத்தம்தான் எனக்குப் புதிதாக இருந்தது. கணினியில் அது கேட்காது. மரப்பலகை இரண்டை அடித்தது போல ஒவ்வொரு தரமும் கேட்டது. பாண்ட் வாத்தியக்காரப் பிள்ளைகள் நனைந்தபடி ஊதினார்கள்.

இரண்டாவது கால்வாசியில் அவருடைய பேச்சு குறைந்தது. இடைவேளையில் ரொட்டிக்குள் வைத்த சொசேஜ் வாங்கித் தந்தார். தான் பாதி கடித்துவிட்டு வைத்துவிட்டார். மூன்றாவது கால்வாசி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் என் தோளில் ஒரு பாரம் விழுந்தது. பார்த்தேன். நித்திரை. தொப்பி சரிந்து, வாய் கொஞ்சம் திறந்து, சின்னப்பிள்ளை போல.

எழுப்பத்தான் முதலில் நினைத்தேன். எத்தனை வருடம் காத்திருந்த ஆட்டம். ஆனால் அந்த முகத்தைக் கிட்டத்தில் பார்த்தபோது கை வரவில்லை. இரவு வேலையும் இரண்டு நாள் ஓட்டமும் மட்டுமல்ல, அதற்கு முந்தின எல்லாக் களைப்பும் சேர்ந்து அவரை அங்கே போட்டிருந்தது. பக்கத்து அம்மா என்னைப் பார்த்தார். விரலை உதட்டில் வைத்து, சத்தம் போட்டுக்கொண்டிருந்த தன் கணவனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். மைதானம் முழுக்கக் கத்துகிறது, இவர் ஒருவரை அடக்கி என்ன செய்ய? ஆனாலும் அந்த மனுசன் மெதுவாகவே கத்தினார்.

நான் ஆட்டத்தைத் தனியாகப் பார்த்தேன். எங்கள் பக்கம் பின்தங்கி இருந்து, கடைசிக் கால்வாசியில் விறுவிறு என்று ஏறி வந்தது. இரண்டு புள்ளிதான் வித்தியாசம். கடைசிக் கணத்தில் பந்தை நிலத்தில் நிறுத்தி, தூரத்தில் நிற்கிற இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி, வெற்றி. எல்லாரும் எழும்பி நின்றார்கள். நான் மட்டும் எழும்பவில்லை. எனக்கு முன்னால் முதுகுகள்தான் தெரிந்தன. சத்தம் அடங்கியது. டப் என்று உதைத்தது கேட்டது. பிறகு எதிர்ப்பக்கம் இருந்து ஆரவாரம் எழும்பியது. எங்கள் பக்கம் ஒரு பெருமூச்சு. அப்படித்தான் தோற்றதைத் தெரிந்துகொண்டேன்.

அந்த ஆரவாரத்தில் அண்ணன் விழித்தார். "என்ன? என்ன நடந்தது?"

"தோத்திட்டம்," என்றேன்.

"எவ்வளவாலை?"

"இரண்டு."

கீழே புல்லில் பெரிய பெரிய பெடியள் முழங்காலில் இருந்து அழுதுகொண்டிருந்தார்கள். வென்றவர்களில் சிலர் வந்து அவர்களைக் கட்டிப்பிடித்தார்கள். அவர்களும் அழுதார்கள். அண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு அதையே பார்த்தார். ஏன் எழுப்பவில்லை என்று கேட்கவில்லை.

கார் தரிப்பிடத்தில் வரிசை நகரவில்லை. கண்ணாடியில் தூறல் விழுந்தது. அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"அம்மா கடைசியா உன்னோடை எப்ப கதைச்சவ?"

அம்மா எடுத்தார், இருக்கிறார்கள் என்று அப்போதே அவருக்குச் சொல்லியிருந்தேன். அந்த நாட்களில் அதற்கு மேல் பேச அவகாசம் இருக்கவில்லை. மே மாதத்துக்குப் பிறகு அவர் கேட்கவும் இல்லை, நான் தொடவும் இல்லை.

"பொங்கல் முடிஞ்சு கொஞ்ச நாளிலை. ஆரோ வைச்சிருந்த சற்றலைற் போனிலை. விட்டு விட்டுத்தான் கேட்டது."

"எனக்கு எடுக்கேல்லை."

"உங்களுக்குத்தான் முதல் எடுத்துப் பாத்தவ. லைன் கிடைக்கேல்லையாம். இரண்டு மூண்டு தரம் பாத்தவவாம்."

பிறகு, "என்ன சொன்னவ?" என்றார்.

"உங்கடை கலியாணத்தைப் பற்றி."

"என்ன?"

"கனடாவிலை ஒரு பிள்ளை இருக்காம், எங்களுக்குப் படிப்பிச்ச ரீச்சரின்ரை மகளாம். 'அண்ணாவுக்குச் சொல்லு, தலைக்கு மை பூசிப்போட்டு ஒரு படம் எடுத்து அனுப்பட்டும்' எண்டவ."

"அந்த நேரத்திலையோ?"

"அந்த நேரத்திலைதான். பின்னாலை ஷெல் விழுற சத்தம் கேக்குது. அவ கலியாணம் பேசுறா."

அண்ணன் சிரித்தார். தொப்பியைக் கழற்றி நரைத்த தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அப்படியே உடைந்தது. அவர் அழுது நான் பார்த்ததில்லை, போனிலும் கேட்டதில்லை. நான் அவருடைய முதுகில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன். பிறகு நானும் அழுதேன். அதற்குப் பிறகு கதை வந்தது. அம்மா, அப்பா, அவர்கள் கடைசியாக இடம்பெயர்ந்த ஊர்கள், உறவுக்காரர் சொன்னதில் நான் அவருக்குச் சொல்லாமல் சுருக்கிய பகுதி, எல்லாம். அவர் கேட்டார், நான் சொன்னேன். அப்பாவோடு சண்டை பிடித்துக்கொண்டுதான் வீட்டைவிட்டு வந்தேன் என்று அவர் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார்.

யாரோ கண்ணாடியில் தட்டினார்கள். மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு காவலாளி. கார் பழுதா, உதவி வேண்டுமா என்று கேட்டார். நிமிர்ந்து பார்த்தால் அந்தப் பெரிய தரிப்பிடத்தில் எங்கள் கார் மட்டும் நின்றது.

இன்னும் இரண்டு நாள் இருந்தேன். கடலுக்குப் போனோம். குளிர்ந்தது, ஆனாலும் கால் நனைத்தோம். பெட்டியில் வந்த தூளில் மோட்டல் அறையில் மீன்குழம்பு வைக்கப்போய், புகைக்கு எச்சரிக்கை மணி அடித்து, ஓடி ஓடி யன்னல் திறந்தோம். பிறகு நான் பாரிஸுக்கு, அவர் வடக்கே.

அதற்குப் பிறகு அவருடைய அணி இன்னும் ஒரு பௌல் ஆட்டத்துக்கும் கூப்பிடப்படவில்லை. ஆட்டங்களும் மாறிவிட்டன. பட்டத்துக்கான தொடர் வந்து, பெரிதாகி, அந்தப் பழைய ரோஜா ஆட்டமும் அதில் ஒரு படியாகப் போய்விட்டது. கொரோனா வந்த வருடம் பூ ஊர்வலமே இல்லை. ஆட்டத்தை டெக்சாஸுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் அந்த வருடமும் வேலை நிற்கவில்லை. சனம் வீட்டுக்குள் இருக்க, நான் வெறும் அலுவலகங்களைத் துடைத்தேன்; அவர் பிளாஸ்ரிக் தடுப்புக்குப் பின்னால் நின்றார். இப்போது காசு வாங்கி விளையாடப் போகிற கெட்டிக்காரப் பெடியள் சின்னப் பௌல்களுக்கு வருவதில்லையாம், காயம் பட்டால் எதிர்காலம் போய்விடும் என்று. அவர்களில் பிழை இல்லை என்கிறார் அண்ணன். ஆனால் அலுத்துக்கொள்கிறார்.

அவருடைய வழக்கு இன்னும் முடியவில்லை. எனக்கு முழங்கால் மோசமாகிவிட்டது. மகள் வேலைக்குப் போகிறாள், பந்து பார்ப்பதில்லை. கணவர்தான் இப்போது புது வருடத்தன்று எழும்பி இருந்து பூத்தேர் பார்க்கிறார்; போன வருடத்தது நல்லது, இந்த வருடம் ஒன்றும் சரியில்லை என்று குறை சொல்கிறார்.

போன மார்கழியில் எந்த அணிக்கு எந்த ஊரில் ஆட்டம் என்று அறிவித்த அடுத்த நாள் அண்ணன் எடுத்தார். நான் ஆர்.இ.ஆரில் நின்றேன், இடம் கிடைக்கவில்லை. ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தார். கார் து நோர் நிலையம் வருகிற நேரம் சுரங்கத்துக்குள் தொடர்பு அறுந்தது. படியேறி வெளியே வந்து, பாலத்தைத் தாண்டி, கடைச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது திரும்ப அடித்தார்.

"எதிலை விட்டனான்?"

"டெக்சாஸிலை."

"ஓம். அதிலை ரண்டு பக்கமும் ஆறு ஆட்டம்தான் வெண்டது. மழை எண்டு சொல்லினம்."

"நல்ல ஆட்டமா இருக்கும்," என்றேன், கதவைத் திறந்துகொண்டு.